கல்லுக்கு லேபல் எழுதுறது எப்படி: பேரை விட ஊர் முக்கியம்

எங்க வீட்டு அலுமாரிக்கு கீழ ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கு, அதுக்குள்ள முப்பத்தெட்டு கல்லு இருந்துச்சு. எல்லாமே நான் ஓ.எல் படிச்ச காலத்துல ரோட்டு வெட்டுலயும் ஆத்தங்கரையிலயும் பொறுக்கினது. ஒவ்வொண்ணுக்கும் கொப்பித் தாளைக் கிழிச்சு நீல பால்பாயிண்ட் பேனையால எங்க எடுத்தேன் எப்ப எடுத்தேன்னு எழுதி கல்லோடயே சுத்தி வச்சிருந்தேன். ஒரு ஜூன் மாச மழையில காம்பரா கூரைத் தகரத்துல இருந்த ஆணி ஓட்டை வழியா தண்ணி இறங்கி டின் முழுக்க நனைஞ்சுருச்சு, நாங்க அதைக் கவனிக்கவே ரெண்டு வாரம் ஆச்சு. தொறந்து பார்த்தா மை கரைஞ்சு, தாள் கூழாகி, கல்லுல ஒட்டிக் கிடக்கு. ஒரு துண்டுல மட்டும் "ஓயா" ன்னு பாதி எழுத்து தெரிஞ்சது. ஓயான்னா சிங்களத்துல ஆறு, மலையகத்துல எத்தனை ஓயா இருக்கு, சொல்லுங்க.

அதுல ஒரு கல்லு கைப்பிடி அளவு இருக்கும், சாம்பல் நிற நைஸ் பாறை (சூட்டாலயும் அழுத்தத்தாலயும் மாறி வரிவரியாத் தெரியிற பாறை), நடுவுல கட்டைவிரல் நகம் அளவுக்கு மாதுளை முத்து நிறத்துல ஒரு கார்னட் படிகம். அதை இன்னைக்கு யார் கையில குடுத்தாலும், கொஞ்சம் தெரிஞ்சவங்கன்னா என்ன கல்லுன்னு சொல்லிருவாங்க. ஆனா எங்க இருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா கார்னட் உள்ள நைஸ் கண்டியில இருந்து பதுளை வரைக்கும் போற வழியெல்லாம் கிடக்கு. லேபல் விஷயத்துல நான் படிச்ச பெரிய பாடம் இது தான். கல்லோட பேரை பத்து வருஷம் கழிச்சும் கண்டுபிடிக்கலாம், தப்பா எழுதியிருந்தா திருத்தலாம். எடுத்த இடத்தை அன்னைக்கு எழுதலைன்னா அது போனது போனது தான்.

இது நம்ம மாதிரி சின்ன ஆளுங்களுக்கு மட்டும் நடக்குறதில்ல. டாஃபைட்னு ஒரு அபூர்வமான இரத்தினக்கல் இருக்கு, 1945ல டப்ளின் நகரத்துல ரிச்சர்ட் டாஃப்ங்கிறவர் வெட்டி பட்டை தீட்டின பழைய கல்லுங்களுக்கு நடுவுல அதைக் கண்டுபிடிச்சார். எல்லாரும் ஸ்பினல்ங்கிற வேற இரத்தினக்கல்னு நினைச்ச கல்லு, உத்துப் பார்த்தா உள்ள கோடெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, ஸ்பினல்ல அப்படித் தெரியவே தெரியாது. கடைசியில அது உலகத்துக்கே புது கனிமம். ஆனா அந்தக் கல்லோட ஊர் எழுதின ஒரு துண்டுக் கடதாசி கூட கிடையாது. இந்த இனம் நம்ம இலங்கை இரத்தினக்கல் படிவுகள்ல கிடைக்குதுங்கிறது அப்புறமா தான் தெரிய வந்துச்சு.

சரி, வேலைக்கு வருவோம்.

லேபல் எழுதுற வேலை வீட்டுல ஆரம்பிக்கிறது இல்ல, கல்லை எடுத்த இடத்துலயே ஆரம்பிக்கணும். பையில ஒரு சின்ன கொப்பி, ஒரு எச்பி பென்சில், ஒரு மாஸ்கிங் டேப் ரோல் வச்சுக்கங்க. கல்லை எடுத்த உடனே டேப்பை ஒரு துண்டு கிழிச்சு ஒட்டி அன்னைக்கு தேதியும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பரும் போடுங்க, அதே நம்பரைக் கொப்பியில எழுதி பக்கத்துல இடத்தை எழுதுங்க, அப்புறம் பழைய பேப்பர்ல சுத்துங்க. பஸ்ல வரும் போது எழுதிக்கலாம்னு நினைக்காதீங்க. மூணு இடத்துல இறங்கி மூணு கல்லு எடுத்தா, வீடு வந்து சேரும் போது எது எந்த இடத்துதுன்னு சத்தியமா குழம்பிரும். பேனை வேணாம், பென்சில் தான். பென்சில் முனை காரீயமும் (கிராபைட், ஈயம் இல்ல) களிமண்ணும், காரீயம் வெயிலுக்கு மங்காது தண்ணிக்கு கரையாது. நம்ம பக்கத்து மூடுபனியில கொப்பி எப்படியும் நமத்துப் போகும், பென்சில் எழுத்து அப்படியே நிக்கும்.

கல் பொறுக்கும் முன்னாடி ரெண்டு விஷயம். தேயிலைத் தோட்டத்து நிலம்னா தோட்டத்து ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, ஹோட்டன் சமவெளி மாதிரி தேசிய பூங்காவுல ஒரு சின்னக் கல்லைக் கூட எடுக்கக் கூடாது, மாணிக்கக்கல் தேடி மண்ணைத் தோண்டுறதுன்னா தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையோட லைசன்ஸ் வேணும். அதோட மழை விட்ட கையோட ரோட்டு வெட்டுக்கு கீழ போய் நிக்காதீங்க, மண்சரிவு சொல்லிட்டு வராது.

இடம் எழுதுறது எப்படின்னு தான் நான் நிறைய சொல்லணும். "நுவரெலியா" ன்னு மட்டும் எழுதினா அது இடமே இல்ல, அது மாவட்டமா டவுனான்னு கூட தெரியாது. பெருசுல இருந்து சின்னதுக்கு இறங்கி வாங்க: மாவட்டம், பக்கத்து டவுன், தோட்டம், பிரிவு, அப்புறம் மலை நம்பர் (தேயிலை நிலத்துண்டுக்குப் போட்ட நம்பர்), அதுக்கும் அப்புறம் அங்க போய் நிக்கிற ஆளுக்கு கண்ணுக்குத் தெரியிற ஒரு அடையாளம். "கோயிலுக்கு மேல போற குறுக்குப் பாதை, ரெண்டாவது மதகுக்கு இடது பக்கம்" அப்படின்னு எழுதினா அது நல்ல லேபல். கிலோமீட்டர் கல்லு, பாலத்து நம்பர், ரயில் பாதை வெட்டு எல்லாம் நல்ல அடையாளம். கடை பேரை மட்டும் நம்பாதீங்க, கடை மாறிரும்.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் இருக்கு, வெளியூர்க்காரங்க எழுதின வழிகாட்டில எல்லாம் இதைப் பார்க்க முடியாது. ஒரே இடத்துக்கு ரெண்டு மூணு பேரு. தோட்டத்துக்கு ஆபீஸ் ரிஜிஸ்டர்ல ஒரு இங்கிலீஷ் பேரு, லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்கள்ல) நம்ம ஆளுங்க தலைமுறையா சொல்ற தமிழ் பேரு வேற, பக்கத்து கிராமத்துல சிங்களத்துல சொல்றது இன்னொண்ணு. அட்டன்னும் எழுதுறாங்க ஹட்டன்னும் எழுதுறாங்க, கண்டிக்கு சிங்களத்துல மஹநுவர. கம்பெனி மாறும் போது பிரிவுகளைச் சேர்க்குறாங்க பிரிக்கிறாங்க, மலை நம்பரும் மாறுது. அதனால எல்லாப் பேரையும் எழுதுங்க. தாத்தா பாட்டி சொன்ன பேரு வரைபடத்துல இல்லாட்டியும் எழுதுங்க, ஏன்னா அது வேற எந்தக் கடதாசியிலயும் இல்லாம இருக்கலாம். 1980கள்ல விக்டோரியா அணை கட்டினப்ப பழைய தெல்தெனிய டவுனே தண்ணிக்குள்ள போயிருச்சு, அதுக்கு முன்னாடி அங்க ஆத்தோரம் யாராவது ஒரு பளிங்குக் கல்லை எடுத்து ஒழுங்கா எழுதி வச்சிருந்தா அந்த இடத்தோட கல்லு இன்னைக்கும் கையில இருக்கும், நாம போய் இன்னொண்ணு எடுக்கவே முடியாது.

போன் இருக்கிறவங்க ஜிபிஎஸ் எண்ணையும் சேர்த்து எழுதுங்க. புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் வரைக்கும் எழுதினா ஏறக்குறைய பதினொரு மீட்டருக்குள்ள இடம் வந்துரும், ரெண்டு இலக்கம் மட்டும் எழுதினா ஒரு கிலோமீட்டருக்கு மேல அலையணும். ஆனா ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி ஊர் பேரை விட்றாதீங்க, ஒரு இலக்கத்தைத் தப்பா எழுதினா கல்லு கடலுக்குள்ள போயிரும், ஊர் பேரு பக்கத்துல இருந்தா தான் தப்புன்னு கண்டுபிடிக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கல்லைக் கழுவி நல்லா காய வச்சு, நிரந்தர நம்பர் குடுங்க. நம்பர்னா வெறும் நம்பர், 1, 2, 3 அவ்வளவு தான். சிலர் "குவாட்ஸ்-மாத்தளை-12" ன்னு நம்பருக்குள்ளயே எல்லாத்தையும் அடைக்கிறாங்க, நாளைக்கு அது குவாட்ஸ் இல்ல பெல்ட்ஸ்பார்னு தெரிஞ்சா நம்பரே பொய்யாயிரும். ஒரு தடவை குடுத்த நம்பரை வேற கல்லுக்குக் குடுக்காதீங்க, கல்லை யாருக்காவது குடுத்துட்டாலும் கொப்பியில "47, இன்னாருக்குக் குடுத்தாச்சு" ன்னு எழுதி அந்த நம்பரை அப்படியே விட்றணும். கல்லு ரெண்டா உடைஞ்சா 47அ, 47ஆ.

அந்த நம்பர் கல்லு மேலயே இருக்கணும், இதுல சோம்பல் படாதீங்க. லேபல் கடதாசி பறக்கும், பெட்டி மாறும், வீட்டுல யாராவது தூசி தட்டும் போது பத்து கல்லையும் ஒரு தட்டுல கொட்டிருவாங்க. கல்லு மேல நம்பர் இருந்தா எல்லாத்தையும் திரும்ப அடுக்கிரலாம். செய்ற விதம் இது: கல்லோட அடிப்பக்கத்துல, படிகம் இல்லாத வெறும் பாறையா இருக்கிற இடத்துல, ஒரு சமதளம் தேடுங்க. சின்ன விரல் நகத்துல பாதி அளவுக்கு வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் மெல்லிசா ஒரு கோட் அடிங்க, காயவிட்டு இன்னொரு கோட். எங்க பக்கத்து குளிருக்கு ஒரு ராத்திரி முழுக்க விட்றது நல்லது, மேல காஞ்ச மாதிரி இருக்கும், பேனை வச்சா உள்ள இழுபடும். அது மேல படம் வரையிறவங்க வச்சிருக்கிற பிக்மெண்ட் மை (தண்ணிக்குக் கரையாத மை) பேனையால, 0.2 அல்லது 0.3 முனை, நம்பரை எழுதுங்க. 6, 9 வந்தா கீழ ஒரு கோடு போடுங்க, கல்லுக்கு மேல் கீழ் தெரியாதுல்ல. மை காஞ்சப்புறம் மேல தெளிவான வார்னிஷ் ஒரு கோட். மியூசியங்கள்ல பாரலாய்ட் பி-72ன்னு ஒரு பிசினை அசிட்டோன்ல கரைச்சுப் பூசுவாங்க, அது மஞ்சளாகாது, வேணும்னா திரும்ப அசிட்டோன் தொட்டு எடுத்துரலாம். அது கிடைக்கலைன்னா ஓவியக் கடையில விக்கிற தெளிவான அக்ரிலிக் வார்னிஷ் போதும். நெய்ல் பாலிஷ் கைவசம் இருக்கும், ஆனா வருஷம் போகப் போக மஞ்சளாகி உரிஞ்சு வரும், எழுத்தையும் சேர்த்து உரிச்சுட்டு வரும். எழுத்தை அழிக்கிற வெள்ளை மையும் அப்படித்தான், வெடிச்சு விழுந்துரும்.

எல்லாக் கல்லு மேலயும் இப்படிப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. மைக்கா தகடு தகடா உரியும், பெயிண்ட் அடிச்ச தகடே கழண்டு போயிரும். காரீயம் வழுக்கும், எதுவும் ஒட்டாது, தொட்ட கையெல்லாம் கறுப்பாக்கிரும். மண் மாதிரி உதிர்ற கல்லு, ஓட்டை ஓட்டையா உறிஞ்சுற கல்லு, சின்னச் சின்ன படிகம் இதெல்லாம் தனித்தனி சின்ன டப்பியில போட்டு நம்பரை டப்பியிலயும் மூடியிலயும் ரெண்டுலயும் எழுதுங்க, மூடி மட்டும் மாறுறது ரொம்ப நடக்கும்.

இப்ப கடதாசி லேபல். நான் எழுதுற மாதிரி ஒண்ணு காட்றேன்:

நம்பர்: 112
பேர்: குவாட்ஸ், வெள்ளை, பாறைப் பிளவுல ஓடின கோடு
கூட இருக்கிறது: கொஞ்சம் மைக்கா, துரு நிறக் கறை
இடம்: மாத்தளை மாவட்டம், ரத்தோட்டை, டவுன்ல இருந்து மேல ஏறுற ரோட்டு வெட்டு, வலது பக்கம்
எப்படி: கீழ விழுந்து கிடந்தது, பாறையில இருந்து உடைச்சதில்ல
யார், எப்ப: என் பேரு, 2022 பெப்ரவரி 13
எப்படித் தெரியும்: கண்ணாடியைக் கீறுது, வினிகருக்கு நுரைக்கல

இதுல "எப்படி" ங்கிற வரியை நிறைய பேர் எழுதுறது இல்ல, எழுதுங்க. பாறையில இருந்து நேரா எடுத்ததும், ஆத்துல உருண்டு வந்ததும், ரோட்டுக்கு கொட்டின ஜல்லியில பொறுக்கினதும் ஒண்ணு இல்ல. ஜல்லிக் கல்லு எந்தக் குவாரியில இருந்து லொறியில வந்துச்சோ, அதுக்கு நீங்க நின்ன ரோட்டோட சம்பந்தமே இருக்காது. வாங்கினது, யாராவது குடுத்ததுன்னா அதையும் சொல்லுங்க.

கடைசி வரி, எப்படித் தெரியும்ங்கிறது, அது பின்னாடி பார்க்கிறவங்களுக்குப் பெரிய உதவி. நம்ம பக்கத்து வெள்ளைப் பளிங்குக் கல்லு பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கால்சைட்டா டொலமைட்டான்னு கண்ணால சொல்ல முடியாது. தோட்டத்துல தேயிலைக்கு மண்ணோட புளிப்பைக் குறைக்கப் போடுறாங்களே டொலமைட் தூள், அதே டொலமைட் தான். ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல ஒரு சொட்டு விட்டா கால்சைட் உடனே புசுபுசுன்னு நுரைக்கும், டொலமைட் தூளாக்கினா தான் மெதுவா நுரைக்கும். ஸ்கூல் லேப்ல டீச்சரோட சேர்ந்து செய்ங்க, வீட்டுல வேணாம். செஞ்சா அதை லேபல்ல எழுதுங்க. நிச்சயம் இல்லாத பேருக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுறதுல எந்தக் குறைச்சலும் இல்ல.

பேர் எழுதும் போது "கருங்கல்" ன்னு மட்டும் எழுதாதீங்க. நம்ம ஊர்ல அம்மிக்கல்லுல இருந்து அத்திவாரத்துக்குப் போடுற கல்லு வரைக்கும் எல்லாமே கருங்கல் தான். அதுல நிறைய சார்னொக்கைட், உடைச்ச முகத்துல எண்ணெய் தடவின மாதிரி ஒரு பச்சை கலந்த கறுப்பு மினுமினுப்பு தெரியும். கொல்கத்தாவுல ஜோப் சார்னொக்ங்கிற ஆங்கிலேயக் கம்பெனிக்காரரோட கல்லறைக்குப் போட்ட கல்லை வச்சு தோமஸ் ஹொலண்ட்ங்கிற பாறை ஆய்வாளர் வச்ச பேரு அது, அதே வகைக் கல்லு தான் சென்னைப் பக்கம் பரங்கிமலையிலயும் இருக்கு. ஒரு காலத்துல இந்த நிலமெல்லாம் ஒண்ணா ஒட்டி இருந்துச்சு, அதனால தான் அங்கயும் இங்கயும் ஒரே பாறை. என் சார்னொக்கைட் லேபலை எழுதும் போது எனக்கு இது ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வரும்.

கடதாசிக்கு அமிலம் கலக்காத தடிச்ச தாள் கிடைச்சா நல்லது, கையால எழுதினா பிக்மெண்ட் மை, பிரிண்ட் எடுத்தா லேசர் பிரிண்டர். சாதா இங்க்ஜெட் மை நனைஞ்சா ஓடிரும், கடை பில் மாதிரி சூட்டுல அடிக்கிற தாள் கொஞ்ச வருஷத்துல வெறும் வெள்ளையாயிரும். லேபலைக் கல்லோட தொட வைக்காம சின்ன ஜிப் பொலித்தீன் பையில தனியாப் போடுங்க. நம்ம குளிர், ஈரம், பூஞ்சணம், வெள்ளிப்பூச்சி எல்லாம் கடதாசியைத் தான் முதல்ல தின்னும்.

பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) வச்சிருக்கிறவங்க இதைக் கட்டாயம் கவனிங்க. காரீயச் சுரங்கத்துக் கல்லுல தங்க நிறத்துல பைரைட் ஒட்டியிருக்கும், பார்க்க அழகு. ஆனா ஈரக் காத்துல அது மெதுவா அழுகும், சல்பூரிக் அமிலம் உண்டாகும், கல்லு வெள்ளைத் தூள் பூத்து வெடிக்கும், அடியில வச்ச லேபல் பொரிஞ்ச மாதிரி பழுப்பாகி உதிர்ந்துரும். என்கிட்ட இருந்த ஒண்ணு மூணு மழைக்காலம் தாங்கல, அட்டைப் பெட்டியோட அடியையும் சேர்த்து அரிச்சுருச்சு. அதை நல்லா காய வச்சு, சிலிக்கா ஜெல் பக்கெட் போட்டு, இறுக்கமா மூடுற டப்பியில தனியா வைங்க, லேபல் டப்பிக்கு வெளிய இருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. நம்ம நாட்டு இரத்தினக்கல் மண்ணுல கதிர்வீச்சு உள்ள கனிமமும் இருக்கு. தோரியனைட் 1904ல உலகத்துக்குத் தெரிய வந்தது பலாங்கொடைப் பக்கத்துக் கல்லால தான். அந்தக் காலத்துல சிலோன் கனிம அளவைக்குப் பணிப்பாளரா இருந்தவர் நம்ம ஆனந்த குமாரசுவாமி. கலையைப் பத்தி எழுதினவர்னு தான் எல்லாருக்கும் தெரியும், அதுக்கு முன்னாடி அவர் கல்லுக்காரர். ஏக்கனைட்டும் அதே மாதிரி தோரியம்ங்கிற கதிர்வீச்சு உலோகம் உள்ளது. இப்படி ஒண்ணு கையில இருந்தா லேபல்ல சிவப்புல "கதிர்வீச்சு" ன்னு பெருசா எழுதி, படுக்கிற அறையிலயும் பிள்ளைங்க கைக்கு எட்டுற இடத்துலயும் வைக்காதீங்க.

பேர் மாறினா பழைய லேபலைத் தூக்கிப் போடாதீங்க. புதுசா எழுதி, தேதி போட்டு, பழசோட சேர்த்து வைங்க. சின்ஹலைட்ங்கிற இரத்தினக்கல்லை எத்தனையோ காலம் பழுப்பு நிற பெரிடாட்னு (அது வேற இரத்தினக்கல்) நினைச்சிருந்தாங்க, 1952ல தான் அது தனி கனிமம்னு தெரிஞ்சு நம்ம நாட்டை வச்சு பேர் வச்சாங்க. அதுக்கு முன்னாடி "பெரிடாட், இரத்தினபுரி" ன்னு எழுதின லேபல்ல பேர் தப்பு, ஊர் சரி, அந்த ஊர் தான் இன்னைக்கும் உதவும். யாராவது பெரியவங்க குடுத்த கல்லுல "சிலோன்" ன்னு எழுதியிருந்தா அதை அடிச்சு ஸ்ரீலங்கான்னு திருத்தாதீங்க, நாட்டுப் பேர் 1972ல மாறிச்சு, அந்த ஒரு சொல்லே லேபல் எவ்வளவு பழசுன்னு சொல்லுது.

எல்லா நம்பரையும் ஒரு தடிச்ச கொப்பியில வரிசையா எழுதுங்க, மாசத்துக்கு ஒரு தடவை பக்கத்தைப் போன்ல படம் எடுத்து வீட்டுக்கு வெளிய எங்கயாவது, கூகுள் டிரைவ்ல, தம்பி போன்ல, போட்டு வைங்க. எக்செல்ல ஏத்த முடிஞ்சா இன்னும் நல்லது, கொப்பியை விட்றாதீங்க. கல்லையும் லேபலையும் ஒரு அடிமட்டத்தையும் பக்கத்துல வச்சு ஒரே படமா எடுங்க.

அந்த பிஸ்கட் டின் கல்லுங்களுக்கும் நான் கடைசியில நம்பர் குடுத்தேன். இடம்ங்கிற வரியில "தெரியாது" ன்னு எழுதினேன், ஊகிச்சு எதையும் எழுதல, ஏன்னா ஊகம் ஒரு தடவை லேபல்ல ஏறிட்டா அடுத்த ஆளுக்கு அது உண்மையாயிரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க கீறிப் பார்க்கவும் உடைச்சுப் பார்க்கவும் அதுல நிறைய குடுத்துட்டேன். கார்னட் கல்லை மட்டும் குடுக்கல. ஒரு நாள் அப்பா அதை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, நீ இதைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு நான் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால வாய்க்கால் வெட்டிட்டு இருந்தேன், அந்த மண்ணுல கிடந்தது தானேன்னார். அந்த லேபல்ல இப்ப ரெண்டு வரி இருக்கு. இடம்: தெரியாது. அதுக்குக் கீழ: ஸ்டோருக்குப் பின்னால வாய்க்கால் மண், அப்பா ஞாபகத்துல இருந்து சொன்னது, 2019 ஏப்ரல்.